பாவூர்சத்திரம் ஒண்ணு

கல்லூரியில் படித்த மூன்று வருடமும் நான் தென்காசிக்கு டிக்கெட் எடுத்து பாவூர்சத்திரத்தில் இறங்கியிருக்கிறேன். தெரிந்தேதான் செய்தேன். 2008-லிருந்து 2011 வரை பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன், மாதம் இரண்டு தடவை வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டில் தென்காசி வண்டியில் ஏறுவேன். அந்த ரோட்டில் முதலில் ஆலங்குளம், அடுத்தது பாவூர்சத்திரம், அதற்கும் தள்ளித்தான் தென்காசி. கண்டக்டர் வந்து "எங்கம்மா?" என்பார். "தென்காசி" என்பேன். நாலு காசு கூடப் போகும், போகட்டும். பாவூர்சத்திரத்தில் இறங்கும்போது சில கண்டக்டர்கள் "தென்காசின்னுல்லா சொன்ன?" என்று கேட்பார்கள். "இங்க சித்தி வீடு இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். எனக்கு அங்கே சித்தி யாரும் இல்லை, அது என் சொந்த ஊர்.

எனக்குத் திக்கும். எல்லாச் சொல்லும் திக்காது, எல்லா நாளும் ஒரே மாதிரி திக்காது, ஆனால் 'ப' என்று தொடங்கும் சொல் என்றால் அநேகமாக மாட்டிக்கொள்வேன்.

'ப' சொல்ல இரண்டு உதடும் ஒட்டிப் பிரிய வேண்டும். எனக்கு ஒட்டும், பிரியாது. உள்ளேயிருந்து காற்று வந்து முட்டிக்கொண்டு நிற்கும், கழுத்து நரம்பு புடைக்கும், இடது கண் தானாக மூடிக்கொள்ளும், வலது கைப் பெருவிரல் தொடையில் அடித்துக்கொண்டே இருக்கும், வெளியே ஒரு சத்தமும் வராது. எதிரே நிற்பவர்களில் பாதிப் பேர் எனக்கு அந்தச் சொல் மறந்துவிட்டது என்று நினைத்து எடுத்துக்கொடுப்பார்கள். மறக்கவில்லை. அந்தச் சொல் முழுசாக, ஓர் எழுத்துகூடக் குறையாமல், உதட்டுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருக்கும்.

என் பெயரும் 'ப'தான். எங்கள் குலசாமி பேச்சியம்மன், ஆச்சி அந்தப் பெயரைத்தான் எனக்கும் வைத்தாள். பிள்ளைகளைக் காக்கிற சாமி என்று ஆசையாக வைத்த பெயர். நாலு வயதில் எனக்குத் திக்க ஆரம்பித்தபோது ஊரில் அதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை. பேச்சிக்கே பேச்சு வரலையா என்று கேட்பார்கள். கேட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றுகிற அக்காமார், மார்க்கெட்டுக்கு வண்டி ஓட்டுகிற மாமாமார். ஒரு தடவை சொல்லிவிட்டு அடுத்த நிமிடம் மறந்துவிடுவார்கள். நான்தான் மறக்கவில்லை.

ஆச்சி வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவினாள். வல்லாரை அரைத்துக் கொடுத்தாள். யாரோ சொன்னார்கள் என்று ஆற்றிலிருந்து கூழாங்கல் கொண்டுவந்து, கழுவி, வாயில் போட்டுக்கொண்டு பாடம் படிக்கச் சொன்னாள் (இதைப் படிக்கிற யாரும் குழந்தைக்கு இதைச் செய்யாதீர்கள், தொண்டையில் சிக்கிவிடும்). ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள், ஆளாளுக்கு "மூச்ச இழுத்து விட்டு மெதுவாச் சொல்லுளா" என்பார்கள். அம்மா மட்டும் எதுவும் சொல்லமாட்டாள், தட்டை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தபடி இலையை வெட்டிக்கொண்டே இருப்பாள். வயிற்றில் இருக்கும்போது அம்மா எதையோ பார்த்துப் பயந்ததால்தான் பிள்ளை இப்படி என்று அப்பா வீட்டில் ஒரு பேச்சு இருந்ததும், அதை அம்மா நம்பியதும், எனக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஏழாம் வகுப்பு, தமிழ் வகுப்பு. உரைநடைப் பாடத்தை ஆளுக்கு ஒரு பத்தியாக எழுந்து வாசிக்க வேண்டும். எனக்கு முன்னால் ஆறு பேர். திக்குகிறவர்கள் எல்லோருக்கும் இந்தக் கணக்கு தெரியும், மற்றவர்கள் வாசிப்பது காதில் விழாது, நமக்கு எது வரும் என்று விரலால் எண்ணிக்கொண்டிருப்போம். ஆறு பத்தியை எண்ணி ஏழாவதைப் பார்த்தேன். "பறவைகள்" என்று தொடங்கியது. முன் வரிசையில் ஒருத்தி அன்று வரவில்லையா என்று திரும்பிப் பார்த்தேன், யாராவது இரண்டு பத்தி சேர்த்து வாசித்தால் எனக்கு அடுத்தது வருமே என்று வேண்டினேன். அடுத்த பத்தி 'அவற்றுள்' என்று தொடங்கியது, அதைச் சொல்லியிருப்பேன். என் முறை வந்தது, எழுந்தேன், உதடு ஒட்டியது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, பின்னாலிருந்து சிரிப்பு வந்தது, டீச்சர் "சரி, உக்காரு, அடுத்த ஆளு" என்றார். அவர் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார், இன்றும் அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த வருடம் முழுக்க என்னை வாசிக்கச் சொல்லவேயில்லை. என் முறை வரும்போது பக்கத்துப் பெண்ணைப் பார்ப்பார். எனக்கு அது அவ்வளவு நிம்மதியாக இருந்தது. என்னைத் தாண்டிப் போய்விட்டால் போதும் என்று நினைக்கிற பழக்கம் அங்கேதான் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன்.

அதே நான் காலையில் பிரேயரில் எல்லோரோடும் சேர்ந்து பாடும்போது திக்கவே திக்காது. குறளைச் சேர்ந்து ஒப்பித்தால் திக்காது. வீட்டு ஆட்டுக்குட்டியிடம் மணிக்கணக்காகப் பேசுவேன், ஒரு தடவைகூடத் திக்காது. இதனால்தான் வீட்டில் "நினைச்சா நல்லாப் பேசுதாளே, வேணும்னே பண்ணுதா" என்று சந்தேகப்பட்டார்கள், எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன், திக்குகிற அநேகம் பேருக்கு இப்படித்தான், பாட்டிலும் கூட்டமாக வாசிப்பதிலும் தனியாகப் பேசுவதிலும் திக்கல் ஏறக்குறைய காணாமலே போய்விடும். இதை மட்டும் அந்த வயதில் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவோ ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அப்புறம் சொல்லை மாற்றுகிற வித்தை வந்தது. பஸ் என்று வராது, வண்டி என்பேன். பரோட்டா ஆசையாக இருக்கும், தோசை என்பேன். பயமா இருக்கு என்று சொல்ல முடியாமல் அச்சமா இருக்கு என்று சொல்லி, பிள்ளைகள் என்னைப் புலவர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு வாக்கியம் வாயிலிருந்து வெளியே போவதற்குள் மூன்று சொல் முன்னால் ஓடிப்போய் எங்கே 'ப' இருக்கிறது என்று பார்த்து, மாற்றுச் சொல் தேடி, அது அமையவில்லையென்றால் வாக்கியத்தையே மாற்றி, அதுவும் முடியவில்லையென்றால் பேசாமல் இருந்து. கல்லூரியில் என்னோடு படித்த பலருக்கு எனக்குத் திக்கும் என்றே தெரியாது, அமைதியான பொண்ணு என்றுதான் தெரியும். நான் அமைதியான பெண்ணே இல்லை. எனக்குச் சொல்வதற்கு அவ்வளவு இருந்தது.

அந்த மூன்று வருடத்தில் என் தோழி ஒருத்தி கேன்டீனில் "ஒனக்குப் பரோட்டா பிடிக்காதுல்லா" என்று சொல்லி எனக்குத் தோசை வாங்கிக்கொண்டு வந்து வைத்தாள். ஆசையோடு வாங்கி வந்திருந்தாள். நான் சாப்பிட்டேன். நான் ஒளித்து ஒளித்து உண்டாக்கிய ஒரு பெண்ணைத்தான் இவளுக்குத் தெரியும், என்னைத் தெரியாது என்று அந்தத் தட்டைப் பார்த்தபோது தோன்றியது. ரொம்பத் தனியாக இருந்தது.

படித்து முடித்து சென்னைக்கு வந்தேன். நேர்முகத் தேர்வுகளில் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம். ஓர் இடத்தில் பெயர் சொல்லச் சொன்னார்கள், நான் முட்டி நிற்க, "பேரே மறந்துபோச்சா?" என்று எதிரே இருந்தவர் கேட்டார். அந்த வேலை கிடைக்கவில்லை. வேறொரு இடத்தில் கணக்கு வேலை, அதிகம் பேச வேண்டியதில்லை என்று சேர்ந்தேன். அங்கே இரண்டு வருடம் கழித்து, போனில் பேச வேண்டிய பொறுப்பு வந்ததும், வேலையை விட்டுவிடலாம் என்று முடிவு செய்து, விடுவதற்கு முன் ஒரே ஒரு தடவை பேச்சுப் பயிற்சியாளரைப் பார்த்துவிடலாம் என்று போனேன்.

அந்த அக்காவிடம் "எப்படியாவது இதை நிறுத்தணும்" என்றேன். அவர் என்னை ஒரு மணி நேரம் பேசவிட்டார், இடையில் ஒரு சொல்கூட எடுத்துக்கொடுக்கவில்லை. முடிந்ததும், "நீங்க திக்குனதுல எனக்கு ஒண்ணும் சிரமமில்ல, ஆனா திக்காம இருக்கறதுக்கு நீங்க படுற பாட்டைப் பாக்கத்தான் சிரமமா இருந்துச்சு" என்றார். ஜோசப் ஷீஹன் என்ற அமெரிக்க உளவியலாளர், அவரும் திக்கியவர், திக்கலைப் பனிப்பாறைக்கு ஒப்பிட்டிருக்கிறார், காதில் விழுவது மேலே தெரிகிற நுனி மட்டும், பயம், வெட்கம், ஒளித்தல் எல்லாம் தண்ணீருக்குக் கீழே கிடக்கிறது என்று. அன்று அந்த அக்கா அதைத் தாளில் வரைந்து, கீழே என்னவெல்லாம் இருக்கிறது என்று எழுதச் சொன்னார். தென்காசி டிக்கெட் என்று முதலில் எழுதினேன். சித்தி என்று எழுதினேன். தாள் போதவில்லை.

அவரிடம்தான் அடிப்படை விஷயங்களையே தெரிந்துகொண்டேன். குழந்தைகளில் ஏறக்குறைய நூற்றுக்கு 5 பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் திக்குகிறது, பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் தொடங்குகிறது, முக்கால்வாசிப் பேருக்கு மேல் தானாகச் சரியாகிவிடுகிறது, பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் போல மிஞ்சுகிறோம். அதிலும் ஆண்கள் நாலு பங்கு என்றால் பெண்கள் ஒரு பங்கு. மூளை பேச்சை ஒழுங்குபடுத்துகிற விதத்தில் இருக்கிற வேறுபாடு இது, பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. 2010-ல், நான் தென்காசிக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், பாகிஸ்தானில் திக்கல் பரம்பரையாக வருகிற குடும்பங்களை வைத்து ஆய்வு செய்த அமெரிக்க விஞ்ஞானிகள் இதோடு தொடர்புடைய மரபணு மாற்றங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எல்லோருடைய திக்கலுக்கும் அதுதான் காரணம் என்று இல்லை, ஆனால் வயிற்றில் இருக்கும்போது அம்மா பயந்ததால் வருவதில்லை. அன்று ராத்திரியே அம்மாவுக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேச்சு இல்லை. திக்குகிறவள் நான், அன்று பேச முடியாமல் இருந்தது அம்மா.

இன்னொன்றும் படித்தேன், அதை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. 1939-ல் அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஓர் அனாதை இல்லத்தில் 22 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சில குழந்தைகளிடம், உனக்குத் திக்க ஆரம்பிக்கிறது, கவனமாகப் பேசு, திக்கும் என்றால் பேசாதே என்று மாதக்கணக்கில் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் குழந்தைகள் திக்குவாய் ஆகிவிடவில்லை. பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள், ஒதுங்கிப் போனார்கள். 2001-ல் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. எனக்குத் திக்கல் பிறவியோடு வந்ததாகவே இருக்கட்டும். அந்தப் பேசாத பெண்ணை ஊரும் நானும் சேர்ந்துதான் உண்டாக்கினோம்.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். அந்த அக்கா என்னை வேண்டுமென்றே திக்கச் சொன்னார். பத்துக் கடைக்குப் போய், 'ப'வில் தொடங்கும் ஒரு பொருளை, வேண்டுமென்றே திக்கி விலை கேட்க வேண்டும். சார்லஸ் வான் ரைப்பர் என்று இன்னொரு அமெரிக்கர், அவரும் திக்கியவர்தான், இந்த மாதிரிப் பயிற்சிகளைப் பரப்பியவர்களில் முக்கியமானவர். இத்தனை வருடம் ஒளித்த ஒன்றை மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் வைத்து நானே எடுத்துக் காட்ட வேண்டும் என்றால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். ரங்கநாதன் தெருவை மூன்று தடவை சுற்றினேன். கடைசியில் ஒரு பூக்கார அம்மாவிடம் நின்றேன். "ப-ப-ப-பூ என்ன விலைம்மா?" அவர் தொடுத்துக்கொண்டிருந்தார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "முழம் முப்பது" என்றார். "ரெண்டு முழம்" என்றேன். முழங்கையில் அளந்து, நூலை அறுத்து, வாழையிலைத் துண்டில் மடித்துக் கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது. மல்லிகைப்பூவைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் படியில் உட்கார்ந்து அழுதேன்.

எல்லோரும் அந்த அம்மா மாதிரி இருக்கமாட்டார்கள். ஆறாவது கடையில் ஒரு பையன் என்னை மாதிரியே பேசிக் காட்டினான், அவன் கூட்டாளி சிரித்தான். வலித்தது. ஆனால் அந்த வலியோடு ஏழாவது கடைக்குப் போக முடிந்தது, அது எனக்குப் புதிதாக இருந்தது.

திக்கல் போய்விட்டதா என்று கேட்காதீர்கள், போகவில்லை. முன்னால் இருந்த அந்த முறுக்கம் குறைந்திருக்கிறது, கண் மூடுவது நின்றிருக்கிறது. இப்போது புதிய ஆட்களிடம் பேசும்போது முதலிலேயே "எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று சொல்லிவிடுகிறேன், பாதிப் பாரம் அதிலேயே இறங்கிவிடுகிறது. போன மாதம்கூட ஒரு நாள் போனில் முட்டி நிற்க, அந்தப் பக்கம் "ஹலோ, ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள், அன்று முழுக்க யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. ஏற்றுக்கொள்வது என்றால் இந்த மாதிரி நாளே வராது என்று நான் நினைத்திருந்தேன். வரும். மறுநாள் காலையில் அதே எண்ணுக்குத் திரும்பக் கூப்பிட்டேன்.

பயிற்சிக்குப் போன அந்த வருடம் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது கண்டக்டரிடம் பாவூர்சத்திரம் என்று சொன்னேன். சொல்லி முடிக்க ரொம்ப நேரம் ஆனது. டிக்கெட் மெஷினில் விரலை வைத்துக்கொண்டு அவர் நின்றார், பக்கத்து சீட் அண்ணாச்சி "பாளையங்கோட்டையா? அது இந்தப் பக்கம் இல்லையேம்மா" என்று உதவப் பார்த்தார், நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டு நானே சொல்லி முடித்தேன். "பாவூர்சத்திரம் ஒண்ணு" என்று அவர் திருப்பிச் சொல்லி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அந்த டிக்கெட் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது, எழுத்தெல்லாம் மங்கிவிட்டது.

இதை எழுத உட்கார்ந்த காரணம் வேறு. அண்ணன் மகனுக்கு நாலு வயது. ஆறேழு மாதமாக அவனுக்குத் திக்குகிறது. அண்ணன் போனில் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. மாவட்ட ஆஸ்பத்திரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற மையம் இருக்கிறது, பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டு, சரியாகப் போகட்டும் என்று சும்மா காத்திருக்காதே என்று சொன்னேன், போய்விட்டு வந்தார்கள். அவனுக்கு இது போய்விட வேண்டும் என்று நான் தினமும் பேச்சியம்மனிடம் வேண்டுகிறேன். அப்படி வேண்டும்போதெல்லாம் எனக்குள்ளே ஒரு கேள்வி வருகிறது, நீ உன்னை உண்மையிலேயே ஏற்றுக்கொண்டவள் என்றால் அவனுக்கு மட்டும் இது ஏன் போக வேண்டும்? இதற்குப் பதில் என்னிடம் இல்லை. இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவனுக்குப் போனால் சந்தோஷப்படுவேன், போகாவிட்டால் அவனை யாரும் தாண்டிப் போகவிடமாட்டேன், இந்த இரண்டும் எனக்குள் ஒன்றாகத்தான் இருக்கின்றன.

போன ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருந்தேன். அம்மா திண்ணையில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள், வசம்பு டப்பா உள்ளே ஜன்னலோரம் இன்னும் இருக்கிறது, ஆச்சி போன பிறகும் அதை யாரும் எடுக்கவில்லை. அவன் ஓடி வந்தான், பக்கத்து வீட்டுக் கோழி ஏதோ செய்துவிட்டது, அதைச் சொல்லியாக வேண்டும். "அத்தை, அந்த கோ-கோ-கோ-" என்று நின்றுவிட்டான். உதட்டைக் குவித்தபடி என் முகத்தையே பார்த்தான். "மெதுவா" என்று அம்மா வாயெடுத்தாள், என்னைப் பார்த்தாள், நிறுத்திக்கொண்டாள். கையில் பாதி சுற்றிய பீடி அப்படியே இருந்தது. நான் அவன் உயரத்துக்குக் குத்த வைத்து உட்கார்ந்தேன். "கோழி" என்றான். அப்புறம் அந்தக் கோழி கிணற்று மேல் ஏறியது, குஞ்சு கீழே நின்று கத்தியது, தாத்தா கம்பை எடுத்துக்கொண்டு போனது என்று பதினைந்து நிமிடம், நடு நடுவே திக்கித் திக்கி, சொல்லிக்கொண்டே இருந்தான். கால் மரத்துப் போயிற்று, நான் எழுந்திருக்கவில்லை. நடுவில் சட்டென்று நிறுத்தி, "நீங்களும் இ-இ-இப்படித்தான் பேசுவீங்களா அத்தை?" என்று கேட்டான்.

"ஆ-ஆமாய்யா" என்றேன். "கு-குஞ்சு அப்புறம் என்ன பண்ணுச்சு?"